சங்கம் இல்லாத் தோட்டமும் சங்கத் தெரிவும்

தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சங்கம் தோன்றிய நாளிலிருந்தே தம் கதையைத் தொடங்குகின்றனர். தலைவர் யாவர், தொடக்கக் கூட்டம் எங்கு நிகழ்ந்தது, முதல் வேலைநிறுத்தம் எத்துணை நாள் நீடித்தது என்பனவே அவர்தம் வினாக்கள். இவற்றுக்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. சங்கமே இல்லாத ஓரிடத்தில் வேலை செய்யும் தொழிலாளி, வெளியே உள்ள சங்கங்களுள் ஒன்றை எவ்வாறு தேர்ந்துகொண்டான்? எதனை எண்ணிப் பார்த்தான்? எதற்கு அஞ்சினான்? இவ்வினாவினை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களை வைத்து, 1931 முதல் 1940 வரையுள்ள பத்தாண்டில் ஆராய்வதே எம் கருத்து. 1931க்கு முன் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச்சங்கம் இருந்ததில்லை. 1940இன் முடிவிலோ, மூன்று அமைப்புகள் அவர்களைத் தத்தம் பக்கம் அழைத்துக்கொண்டிருந்தன. ஆகலின், தெரிவு என்பது இல்லாத நிலையினின்று தெரிவு உண்டான நிலைக்கு மக்கள் வந்த வழியை இப்பத்தாண்டு தெளிவாகக் காட்டுகின்றது.

ஒன்றை முன்னரே கூறிவிடுதல் நன்று. தான் ஏன் ஒரு சங்கத்திற் சேர்ந்தான் என்பதைத் தொழிலாளி எழுதி வைப்பதில்லை. சங்கங்கள் எழுதிவைத்த குறிப்புகளோ, தம் கொள்கையை மெச்சியே அவன் வந்தான் என்று கூறும் இயல்பின. தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் எழுதியவை, வெளியார் தூண்டுதலால் வந்தான் என்று கூறும். இவ்விரண்டிற்கும் இடையே அவனது எண்ணத்தை, அவன் வாழ்ந்த இடத்தின் அமைப்பினின்றும் அவன் செய்த செயலினின்றும் உய்த்துணர்தலே நமக்கு எஞ்சிய வழியாகும்.

'சங்கம்' என்னுஞ் சொல் தமிழ் கற்றார்க்கு மதுரைப் புலவர் கூட்டத்தை நினைவூட்டும். தொழிலாளர் கூட்டுறவுக்கு அச்சொல் நிலைபெறுதற்குப் பெருந்துணையாயது, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமாகும். பி. பி. வாடியா தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவருள் ஒருவராகவும் விளங்கிய அச்சங்கத்தின் பெயர் கடல் கடந்தும் பரவியது. எனினும், பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் நிலையும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் நிலையும் ஒன்றல்ல. ஆலைத் தொழிலாளி மாலையிற் சங்கு ஊதியதும் வாயிலைக் கடந்து வெளியேறுவான். வெளியே தெருவும் கடையும் பசனைக்கூடமும் இருந்தன. செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் அவனைச் சந்தித்தது அங்கேதான். தோட்டத் தொழிலாளிக்கோ அத்தகைய வாயில் இல்லை. அவன் கொழுந்து பறிக்கும் மலையும், உறங்கும் லயமும், நடக்கும் பாதையும், சில இடங்களில் அவன் வணங்கும் கோயிலும் தோட்ட உரிமையாளர் நிலத்திலேயே இருந்தன. துரையின் இசைவின்றி அந்நிலத்துள் புகும் வெளியார் மீது அத்துமீறல் வழக்குத் தொடுக்கலாம். ஆதலால் தொழிலாளி சங்கத்தைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. சங்கம் அவனைத் தேடி வருதல் குற்றமாயிற்று.

இந்நிலையில், சேர்ந்தது வெளிப்பட்டால் நேர்வது யாது? திங்கள் ஒப்பந்தமே தோட்ட வேலையின் சட்டநிலை. ஒரு மாத முன்னறிவிப்போடு எவரையும் நீக்கலாம். நீக்கப்பட்டவன் கையிற் பெறுவது பற்றுச்சீட்டு. அச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தார் அவனை வேலைக்குச் சேர்த்தல் இயலாது. அச்சீட்டோடு சென்றாலும் ஏன் நீக்கப்பட்டான் என்று கேட்பர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டமையின், கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு மாற்றும் கொடுமை நீங்கியது உண்மையே. ஆனாற் சீட்டின் ஆற்றல் நீங்கவில்லை. வேலை போயின் லய அறையும் உடன் போகும். கணவன் வெளியேறின் மனைவியும் மக்களும் பாத்திர பண்டங்களோடு அவனைத் தொடர்வர். சந்தாவாகக் கொடுக்கும் சில சதங்களுக்கு ஈடாக ஒரு குடும்பம் பணயம் வைத்தது தன் உறைவிடத்தையே என்பதை மனத்திற் கொண்டாலன்றி, அக்காலத் தெரிவின் கனத்தை நாம் உணர்தல் அரிது. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியின்படி மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவர்க்கு 32 சதமும் கிடைத்தன. பின்வந்த பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் குறைக்கப்பட்டது.

இனி, தொழிலாளிக்கும் துரைக்கும் இடைநின்ற கங்காணியை நோக்குவோம். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தன் உறவினரையும் சாதியினரையும் அண்டை ஊராரையும் திரட்டிக் கொணர்ந்தவன் அவன். ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்கிற்கேற்பப் பணம் பெற்றவனும், முன்பணம் கொடுத்தவனும், திருமணத்திற்கும் இழவிற்கும் முன்னின்றவனும் அவனே. வழக்குண்டாயின் துரைமுன் வாய்திறந்து பேசுவதும் அவன் உரிமை. அவனைக் கடுமையாகத் தூற்றுவோர் இக்கடைசிப் பணியை மறந்துவிடுகின்றனர். சங்கம் இல்லாத தோட்டத்திற் சங்கத்தின் வேலையை ஒருவாறு செய்தவன் பெரிய கங்காணிதான். செய்ததற்கு அவன் கொண்ட விலை மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், சங்கத்தைத் தெரிவு செய்தவன் வெற்றிடத்தில் நின்று தெரிவு செய்யவில்லை. கங்காணியின் வாயை விடுத்து வேறொரு வாயை நாடினான் என்பதே சரி.

கங்காணிக்கு அப்பாலும் ஒரு வழி இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் பின் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்திருந்தார். அவருக்கு மனு எழுதலாம். எழுதத் தெரியாதவர்க்குக் கடைத்தெருவில் எழுதிக் கொடுப்போர் இருந்தனர். இம்மனு எழுதும் பழக்கம் பிற்காலச் சங்கத்தின் உருவத்தையே வகுத்தது என்பது எம் துணிபு. தோட்டத்தார் சங்கத்திடம் முதலில் எதிர்பார்த்தது புரட்சியன்று. துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அக்கடிதத்திற்கு விடை வருமா என்பதே சங்கத்தின் உரைகல்லாயிற்று.

தொழிற்சங்கம் என்பது இலங்கைக்கு அக்காலத்திற் புதிதன்று. ஏ. ஈ. குணசிங்கா 1922இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் சங்கம் கொழும்பில் வலுவாக இருந்தது. 1923இன் பொது வேலைநிறுத்தமும், 1929இன் டிராம் வேலைநிறுத்தமும் அதன் ஆற்றலைக் காட்டின. ஆனால் அது துறைமுகத்திற்கும் தொடர்வண்டிக்கும் தொழிற்சாலைக்கும் உரிய சங்கம், மலைக்கு ஏறவில்லை. பொருளாதார வீழ்ச்சி வந்ததும், வேலையின்மைக்கு இந்தியத் தொழிலாளரே காரணம் என்று அதன் தலைவர் பேசத் தலைப்பட்டார். தோட்டத்தார் அதனைத் தெரிவு செய்யவில்லை என்று கூறுவது பொருந்தாது. அது அவர்க்கு எட்டும் தெரிவாகவே இருந்ததில்லை.

அச்சங்கத்தில் துணைத்தலைவராக இருந்து பின் பிரிந்தவர் தஞ்சை மாவட்டத்தினரான கோ. நடேசய்யர். அவரே 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். கொழும்பிலிருந்து அட்டனுக்குத் தம் உறைவிடத்தை அவர் மாற்றிக்கொண்டது சிறு செய்தியன்று. அட்டன் தொடர்வண்டி நிலையமும் கடைவீதியும் உள்ள நகரம். எவருடைய தோட்டமும் அன்று. சம்பளம் பெற்ற பின் ஞாயிறன்று அரிசியும் துணியும் வாங்கவரும் தொழிலாளி அங்கே எவரையும் சந்திக்கலாம். தோட்டத்தின் எல்லைக்கோட்டைக் கடக்க இயலாத சங்கம், கோட்டின் விளிம்பில் வந்து அமர்ந்துகொண்டது என்க. சங்கம் காண்பதற்கு முன்னரே அவர் புடவை வணிகராக வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்து நிலைமையை அறிந்தார் என்னும் செய்தியும் வழங்கிவருகின்றது. லயத்துக்குள் செல்ல உரிமை பெற்றிருந்த வெளியார் வணிகர் போன்ற சிலரே என்பதை அச்செய்தி நன்கு விளக்குகின்றது.

நடேசய்யரின் மனைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாடி மக்களைத் திரட்டியமை தனித்துக் குறிக்கத்தக்கது. எழுத்தறியாதார் மிகுந்திருந்த இடத்திற் பாட்டே துண்டறிக்கை ஆயிற்று. கும்மியும் சிந்தும் அறிந்த செவிகளுக்குக் கூலிக் கணக்கும் சட்டமும் அம்மெட்டிலேயே சென்று சேர்ந்தன. 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என நடேசய்யர் எழுதிய நாடகமும் இவ்வகையினது. இலக்கிய வரலாற்றார் இப்பாடல்களையும் நாடகத்தையும் நயம் குறைந்தன என்று ஒதுக்குவதுண்டு. அவை எவ்விடத்து, எவர் கேட்க, எவருக்கு அஞ்சிப் பாடப்பட்டன என்பதை மறந்து செய்யும் மதிப்பீடு அது.

எனினும் சம்மேளனம் நிலைத்து வேரூன்றவில்லை. அது ஒருவரது உழைப்பையே பெரிதும் சார்ந்திருந்தமை ஒரு காரணம். காலமும் கொடியது. தேயிலை விலை வீழ்ந்து தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்த 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வேண்டாத ஆளை நீக்குதலும், வேண்டும்போது தமிழகத்திலிருந்து வேறாளைக் கொணர்தலும் துரைக்கு எளிதாயிருந்த வரையிற் சங்கத்திற் சேர்ந்தவனைக் காக்கச் சங்கத்திடம் கருவி ஏதும் இல்லை. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் எழுவர் கூடிச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழிசெய்தது. பதிவு பெற்ற சங்கத்திற்குச் சில பாதுகாப்பும் தந்தது. ஆனால் அச்சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்று அது விதிக்கவில்லை. சட்டத்தில் சங்கம் இருந்தது, தோட்டத்தில் இல்லை.

நிலைமையை மாற்றியது யாரும் எதிர்பாராத ஒரு தடை. 1939 ஆகஸ்டு முதல் நாள் தொட்டு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்தது. இலங்கை அரசாங்கம் தன் பணிகளிலிருந்து இந்தியரை நீக்கியதற்கு எதிர்ச்செயலாக வந்தது இது. இதன் விளைவு இருமுனையுடையது. தமிழகத்திற்குச் சென்ற தொழிலாளி மீண்டும் வருதல் அரிதாயிற்று; ஆகவே தோட்டமே அவனுக்கு ஊர் ஆயிற்று. மற்றொருபுறம், நீக்கியவனுக்கு ஈடாக வேறாள் கொணர்தல் துரைக்கும் இயலாதாயிற்று. உலகப்போர் மூண்டு தேயிலையும் இரப்பரும் மிகுதியாக வேண்டப்பட்ட அவ்வேளையில் தொழிலாளியின் கைக்கு முதன்முறையாக ஒரு விலை உண்டாயிற்று. 1939இன் இறுதியிலும் 1940இலும் தோட்டங்கள்தோறும் சங்கம் பரவியதற்குத் தலைவர்களின் சொல்வன்மையைக் காரணங்காட்டுவோர் உளர். சொல்வன்மை 1931இலும் இருந்ததே.

இப்போது தெரிவு மெய்யாகவே தோன்றியது. ஒருபால் 1935இல் அமைந்த இலங்கை சமசமாசக் கட்சியினரின் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கம். மற்றொருபால் 1939 ஜூலையில் சவகர்லால் நேருவின் வருகையின்போது உருப்பெற்ற இலங்கை இந்தியர் காங்கிரசு 1940இல் தொடங்கிய தொழிற்சங்கம். நடேசய்யரின் சம்மேளனமும் இருந்தது. அவர் அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் அமர்ந்திருந்தார்.

சமசமாசக் கட்சியாரைத் தோட்டத்தார் 1937இலேயே கேள்வியுற்றிருப்பர். மடுல்கலைத் தோட்டம் ஒன்றில் வேலை பழக வந்த ஆஸ்திரேலியரான பிரேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் சாய்ந்து நீக்கப்பட்டு, மேடையேறிப் பேசி, நாடு கடத்தும் ஆணைக்கு ஆளாகி, உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட ஆண்டு அது. வெள்ளையர் ஒருவரே துரைமாரை எதிர்த்துப் பேசினார் என்பது லயங்களில் எத்துணை வியப்பை விளைத்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1940 சனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு வேண்டி நடந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது சமசமாசத்தார் சங்கமே. அம்மாதம் 10ஆம் நாள் காவலர் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். விசாரணைக் குழுவின் முன் தொழிலாளர் சார்பில் கொல்வின் ஆர். த சில்வா வாதாடினார். மே மாதத்திற் பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்த தோட்டக் குழுவின் வழியே போராட்டம் நடந்தது. கூலியுயர்வைக் காட்டிலும் அக்குழுவே துரைமாரைக் கலங்கச் செய்தது என்று யாம் கருதுகின்றோம். கங்காணி நின்ற இடத்தில் வேறொருவர், அதுவும் தொழிலாளரால் தேரப்பட்டவர், வந்து நின்றார் அல்லவா?

இத்துணைத் துணிவு காட்டிய சங்கத்தைத் தொழிலாளருட் பெரும்பாலோர் ஏன் பற்றி நிற்கவில்லை? அதன் தலைவர்கள் 1940 ஜூனில் சிறைப்பட்டனர் என்பது முதல் விடை. போரை எதிர்த்த அக்கட்சி 1942இல் தடை செய்யப்பட்டது. கடிதம் எழுதவேண்டியவர் சிறையில் இருந்தால் தோட்டத்தார் யாது செய்வர்? ஆனால் இவ்விடை முழுமையன்று. காங்கிரசுச் சங்கத்தின் முன்னணியில் நின்றோர் யாவர் என்று நோக்கினால் ஒரு முரண் புலப்படும். வணிகரும், கங்காணிக் குடும்பத்தினரும், தோட்டமுடையாரும் அங்கு இருந்தனர். பின்னர் அச்சங்கத்தை நெடுங்காலம் நடத்திய எஸ். தொண்டமானின் தந்தையார், கங்காணியாக இருந்து இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். முதலாளி வகுப்பினர் தலைமையிற் கூலிகள் சேர்ந்தது அறியாமையால் என்று இடதுசாரி எழுத்தாளர் சிலர் கூறுவர். யாம் அதனை ஏற்கவில்லை. தொழிலாளி நோக்கியது மூன்றையே எனத் தோன்றுகின்றது: தன் மொழியில் தன் வழக்கைக் கேட்பவர் உளரா, துரையின் பங்களாவுக்குள் நாற்காலி பெறுபவர் உளரா, தான் பற்றுச்சீட்டுப் பெற்றால் தன் குடும்பத்தைக் கைவிடாதிருப்பவர் உளரா. நேருவின் பெயரும் காந்தியடிகளின் படமும் இவற்றோடு சேர்ந்து உதவின. அவ்வாண்டில் அவனுக்குக் கிட்டியவற்றுள் இம்மூன்றும் ஒருங்கே பொருந்திய இடத்தை அவன் நாடினான். தன் நலம் அறியாதவன் செயலன்று அது. அத்தெரிவால் அவன் இழந்ததும் உண்டு. சிங்களத் தொழிலாளரோடு ஒரே சங்கத்தில் நிற்கும் வாய்ப்பு அதனோடு பெரும்பாலும் கழிந்தது. அதன் பயனைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

சேர்ந்த முறையையும் இங்கே குறித்தல் வேண்டும். தனித்தனியே பெயர் கொடுத்தல் அரிது; ஒருவன் மட்டும் சேர்ந்தால் அவன் மட்டும் நீக்கப்படுவான். ஆகையால் தோட்டம் முழுதும், அன்றேல் ஒரு பிரிவு முழுதும், ஒரே நாளிற் சேர்வதே பாதுகாப்பாயிற்று. லயங்களிற் பேச்சு இரவில் நடக்கும். கோயில் திருவிழாவும் இழவு வீடும் பேசுதற்கு இடந்தரும். ஒத்த கருத்து உண்டான பின்னரே ஒருவரோ இருவரோ நகரத்திலுள்ள சங்க அலுவலகத்திற்குச் செல்வர். அப்படிச் சென்றவரே பெரும்பாலும் தோட்டத் தலைவர் ஆயினர். கங்காணியின் ஆட்கூட்டம் உறவும் சாதியும் பற்றி அமைந்தமையால், ஒரு கூட்டத்தார் சேர்ந்தால் மற்றக் கூட்டத்தார் தயங்குவதும் இருந்தது. கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோர் பெண்டிர். ஆயினும் இரவுப் பேச்சில் அவர் குரல் எத்துணை ஒலித்தது என்பது ஐயத்திற்குரியது. கணவன் சேர்ந்த சங்கத்தில் மனைவியின் பெயரும் சேர்ந்தது என்பதே பொதுநிலை.

1940 ஜூலையில் தோட்ட முதலாளிமார் தரப்பும் சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டன. சங்கத்திற் சேரும் உரிமை அதனால் ஏட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. வேலைநிறுத்தத்திற்கு முன் பேச்சு நடத்தும் முறையும் வகுக்கப்பட்டது. நிலத்தின் மீதுள்ள உரிமை மட்டும் மாறவில்லை. 1946இல் கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, லயங்களை விட்டு வெளியேற மறுத்த தொழிலாளர் மீதே அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. முன்னர் வெளியாரைத் தடுத்த சட்டம் உள்ளே வாழ்ந்தாரையே வெளியாராக்கியது. காங்கிரசுச் சங்கம் அதனை எதிர்த்துத் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தம் நடத்தியது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரின் வாக்கையும் பறித்தது. வாக்கட்டை பறிபோன மக்களிடம் எஞ்சியது சங்க அட்டை ஒன்றே. வாக்காளர் அல்லாதாரும் சங்கத்தின் உறுப்பினராகலாம். சங்கத்தின் பெயரால் அமைச்சரோடும் முதலாளியோடும் பேசலாம். லயத்தில் இரவிற் கூடிக் கூலிக்கும் பற்றுச்சீட்டுக்கும் அஞ்சிச் செய்த தெரிவு, ஓர் இனத்தின் அரசியற் குரலை ஏறத்தாழ முப்பதாண்டுகள் தாங்கவேண்டியதாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தபோதும், அம்மக்கள் சார்பில் அந்நாட்டிற் பேசியவர் சங்கத் தலைவர்களே.

1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு எனப் பெயர் மாறிய அச்சங்கம், 1956இல் தொண்டமான் ஒருபாலும் அசீசு ஒருபாலுமாகப் பிளவுற்றது. சனநாயகத் தொழிலாளர் காங்கிரசு பிறந்தது. ஒரே லயத்தின் அடுத்தடுத்த அறைகளில் இரு சங்கத்தாரும் வாழ்ந்து, ஒரே பெரட்டுக்களத்தில் இரு தலைவர்கள் நிற்கும் நிலை அதன்பின் பரவியது. அங்கே தொழிலாளி எதிர்நோக்கிய கேள்வி வேறு. அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்.